ஊற்று நீரும் ஊரார் தீர்ப்பும்

இப்சனின் 'மக்கள் பகைவன்' - ஒரு திறனாய்வு

நீரில் நஞ்சு கலந்திருக்கிறது என்றார் மருத்துவர். நஞ்சு நீரில் இல்லை, உன் நாவில்தான் இருக்கிறது என்று தீர்ப்பளித்தது ஊர். நீரைச் சோதித்தவர் பகைவரானார். நீரைக் கெடுத்தோர் பெரிய மனிதர்களாகவே நீடித்தனர். நார்வே நாட்டு நாடகப் பேராசான் ஹென்ரிக் இப்சன் 1882-ஆம் ஆண்டு வெளியிட்ட 'மக்கள் பகைவன்' என்னும் ஐந்தங்க நாடகத்தின் கதை இதுதான்.

கதை சிறிது, அது கிளப்பும் கேள்வி பெரிது. உண்மை நம் கையில் இருக்கிறது. மக்கள் அதை ஏற்க மறுக்கிறார்கள். அப்போது நம் சினம் யார்மீது பாய வேண்டும்? மடமையை வளர்த்து அதில் வாழ்வோர் மீதா? மடமையில் ஆழ்த்தப்பட்டுக் கிடப்போர் மீதா? பகுத்தறிவு பேசும் ஒவ்வொருவரும் என்றேனும் ஒரு நாள் விடை சொல்லியாக வேண்டிய கேள்வி இது.

இந்த நாடகத்தின் தலைவர் டாக்டர் ஸ்டாக்மனை மாவீரராகக் கொண்டாடுவோர் பலர். கொண்டாடத்தக்க வீரந்தான் அது. எனினும், அவர் நிமிர்ந்து நின்ற இடம் எது, வழுக்கி விழுந்த இடம் எது என்று பிரித்துக் காண்பதுதான் திறனாய்வின் கடமை. வீரரை வணங்குவது எளிது. வீரரிடமிருந்து கற்பதுதான் அரிது!

மருந்தூற்றின் மகிமை

பத்தொன்பதாம் நூற்றாண்டு, ஐரோப்பாவில் மருந்தூற்றுகளுக்குப் பொற்காலம். கார்ல்ஸ்பாத், மரியன்பாத், டெப்ளிட்ஸ் என்ற ஊர்களின் பெயர்கள் அன்று சீமான்களின் நாவில் மந்திரம்போல் ஒலித்தன. இன்று செக் குடியரசில் இருக்கும் அவ்வூர்களுக்கு மன்னரும் அமைச்சரும், கவிஞரும் இசைவாணரும் கோடைதோறும் படையெடுத்தனர். 1812-இல் செர்மானியக் கவிஞர் கதேயும் இசைமேதை பேத்தோவனும் சந்தித்துக்கொண்டது டெப்ளிட்ஸ் ஊற்றங்கரையில்தான். மூட்டு வலிக்கு ஓர் ஊற்று. குடல் நோய்க்கு ஓர் ஊற்று. தோல் நோய்க்கு வேறோர் ஊற்று. நோயாளி வந்தால் விடுதிக்காரனுக்கு வாழ்வு; வண்டிக்காரனுக்கு வாடகை; நகராட்சிக்கு வரி. ஊற்று சுரந்தது நீரை மட்டுமன்று, பணத்தையும்!

அந்த நீரில் அப்படி என்னதான் இருக்கிறது? மந்திரம் ஏதுமில்லை, மண்ணியல் இருக்கிறது. மழைநீர் பாறை இடுக்குகளின் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. நிலத்துக்கடியில் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி வரை உயரும். அவ்வாறு சூடேறிய நீர், பாறைகளில் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு, நிலப்பிளவு கண்ட இடத்தில் மேலே பீறிடுகிறது. சோடியம், சுண்ணாம்பு, மக்னீசியம், கந்தகம் என்று பாறை எதைக் கொடுத்ததோ அதை நீர் சுமந்து வருகிறது. வெந்நீரில் அமிழ்ந்து கிடந்தால் மூட்டு வலி தணியும், மெய். சோடியம் சல்பேட் கரைந்த கார்ல்ஸ்பாத் நீர் மலச்சிக்கலைப் போக்கும், அதுவும் மெய். கவலையை வீட்டில் விட்டுவிட்டு, மூன்று வாரம் நல்ல காற்றில் நடந்து, அளவோடு உண்டு உறங்கினால் உடல் தேறும், அதுவும் மெய்யே. ஆனால், அவ்வூற்றில் எது கலந்தாலும் தூய்மையாகிவிடும், எந்த நோயும் அதனிடம் தோற்றோடும் என்பது மட்டும் பொய். மெய்யோடு ஒட்டிப் பிறந்த பொய்க்கு ஆயுள் அதிகம் என்பதற்கு மருந்தூற்றுகள் நல்ல சான்று.

டெப்ளிட்ஸ் ஊற்று விண்ணுலக வரமாகவே போற்றப்பட்டு வந்தது. 1879 பிப்ரவரியில், அதற்கு அணித்தே இருந்த டொலிங்கர் நிலக்கரிச் சுரங்கத்தில் நிலத்தடி நீர் உடைத்துக்கொண்டு புகுந்தது. சில நாட்களுக்குள் ஊற்று வற்றி மறைந்தது! பிறகு ஆழக் குழி தோண்டி, மறைந்த நீரைத் தேடிப் பிடித்து மேலே கொண்டு வர வேண்டியதாயிற்று. விண்ணுலக வரம், சுரங்கத் தொழிலாளியின் கடப்பாரை கண்டு ஓடி ஒளியுமோ? நிலத்தின் பொருள் நிலத்தின் விதிப்படி நடந்துகொண்டது, வேறொன்றுமில்லை.

இந்த டெப்ளிட்ஸ்தான் இப்சனுக்குக் கதைக்கரு வழங்கிய ஊர் என்பர் ஆய்வாளர். கவிஞர் ஆல்பிரட் மைஸ்னரின் தந்தையார் அங்கே மருத்துவராக இருந்தவர். 1830-களில், ஊற்றை நாடி மக்கள் குவிந்திருந்த வேளையில், ஊரில் காலரா தலைகாட்டிவிட்டது என்று அவர் எச்சரித்தார். வந்தவர்கள் ஓடினார்கள், வருவாய் பாழாயிற்று. நோய் வந்ததற்காக வருந்த வேண்டிய ஊரார், நோயைச் சொன்னதற்காக மருத்துவர் வீட்டின் மீது கல்லெறிந்தனர். அவர் ஊரை விட்டே வெளியேற நேர்ந்தது. மியூனிக் நகரில் வாழ்ந்த காலத்தில் இப்சன் இந்நிகழ்ச்சியை மைஸ்னர் வாயிலாகக் கேள்வியுற்றார் என்பது ஆய்வாளர் தரும் செய்தி.

கல்லடியின் வலியை இப்சனும் அறிந்தவரே. 1881-இல் அவர் எழுதிய 'ஆவிகள்' நாடகம், கண்ணியமான குடும்பம் என்ற திரைக்குப் பின்னால் இருந்த பால்வினை நோயைப் பேசிற்று. மேன்மக்கள் கொதித்தனர், அவருக்கு ஆதரவளித்திருக்க வேண்டிய முற்போக்கு ஏடுகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. மறு ஆண்டே 'மக்கள் பகைவன்' வெளிவந்தது. பட்ட காயம் ஆறுமுன் பிடித்த பேனா அது. அதனால் வந்த வேகமும் உண்டு. அதனால் வந்த வெறுப்பும் உண்டு. இரண்டையும் நாடகத்தில் காணலாம்.

முகமூடிகள் கழலும் முறை

தென் நார்வேயின் கடற்கரையில் ஒரு சிற்றூர். அங்கே புதிதாக எழும்பிய நோய்தீர்க்கும் நீராட்டகம்தான் ஊரின் மூலதனம். அதன் மருத்துவர் தாமஸ் ஸ்டாக்மன். நீராட்டகம் வேண்டும் என்று முதலில் எண்ணியவரே அவர்தான். அதைக் கட்டியெழுப்பும் பணியை முன்னின்று நடத்தியவர் அவர் அண்ணன் பீட்டர் - ஊரின் மேயர், நீராட்டக நிர்வாகக் குழுத் தலைவர். குழாயை எங்கே பதிக்க வேண்டும் என்று தம்பி சொன்னதை அண்ணன் கேட்கவில்லை. தாழ்வான இடத்தில் பதித்தார். மேட்டுப் பள்ளத்தாக்கில் இருக்கும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு அதில் கசிந்து கலந்தது.

முந்திய கோடையில் நீராட வந்தவர்கள் சிலருக்கு டைபாய்டு கண்டது, சிலருக்குக் குடற்சுரம். நோயை அவர்களே கொண்டு வந்திருப்பார்கள் என்றது ஊர். மருத்துவர் அந்த விடையோடு நிற்கவில்லை. நீரைப் புட்டிகளில் அடைத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். முதல் அங்கத்திலேயே கடிதம் வந்துவிடுகிறது: அழுகிய பொருள்கள், கண்ணுக்குத் தெரியா நுண்ணுயிர்கள், குடிக்கவும் குளிக்கவும் கேடு.

நாடகம் வெளியான ஆண்டை மறவாதீர். டைபாய்டுக் கிருமியை எபெர்த் கண்டுரைத்தது 1880-இல். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் உலகுக்கு அறிவித்தது 1882 மார்ச்சில். அவ்வாண்டு நவம்பரில் இப்சன் நாடகம் அச்சேறிவிட்டது! ஆய்வுக்கூடத்தில் பிறந்த அறிவு, ஆண்டு திரும்புமுன் அரங்கத்துக்கு வந்துவிட்டது. அறிவியல் முன்னே ஓட, இலக்கியம் பத்து நூற்றாண்டு பின்னே நின்று பழங்கதை பேசிக்கொண்டிருப்பதுதான் மரபு என்பார்க்கு இதைவிட நல்ல மறுமொழி வேண்டுவதில்லை.

மருத்துவர் மகிழ்கிறார். ஊரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற களிப்பு. தனக்கு ஊர்வலம், பாராட்டு ஏதும் வேண்டா என்று முன்கூட்டியே அடக்கம் காட்டுகிறார் - பாராட்டு வரும் என்று அவ்வளவு உறுதி! 'மக்கள் தூதன்' ஏட்டின் ஆசிரியர் ஹாவ்ஸ்டாட், அறிக்கையை வெளியிடத் துடிக்கிறார். அச்சகத்தார் அஸ்லாக்சன், வீட்டுக்காரர் சங்கத்தின் தலைவர். எதிலும் மிதம், எப்போதும் மிதம் என்பது அவர் வேதம். உறுதியான பெரும்பான்மை உங்கள் பின்னால் நிற்கும் என்று அவரும் கை கொடுக்கிறார்.

பின்பு மேயர் வருகிறார். கணக்குப் பேசுகிறார். குழாய்களை மாற்ற இலட்சக்கணக்கில் குரோனர் செலவாகும். இரண்டாண்டு நீராட்டகத்தை மூட வேண்டும். பணம் ஊரார் வரியிலிருந்துதான் வர வேண்டும். அவ்வளவுதான்! அச்சகத்தாரின் மிதம் விழித்துக்கொள்கிறது. ஆசிரியரின் புரட்சி உறங்கிவிடுகிறது. மருத்துவரின் அறிக்கை அச்சேறாமல், மேயரின் மறுப்பு அச்சேறுகிறது. எவரும் கத்தியை உருவவில்லை. எவரும் உரத்துப் பேசவுமில்லை. வரி என்ற ஒரு சொல் விழுந்தது. முகமூடிகள் வரிசையாகக் கழன்றன. மூன்றாம் அங்கத்தை உலக நாடக இலக்கியத்தின் சிறந்த பகுதிகளுள் ஒன்றாக வைத்து எண்ணத் தோன்றுவது இதனால்தான்.

கவனியுங்கள், தோழர்களே! இந்த ஊரில் நீரை வணங்குவோர் எவருமில்லை. பூசாரி இல்லை; புராணம் இல்லை. நாகரிகம் வாய்ந்த, நாளேடு படிக்கும், நகராட்சித் தேர்தல் நடத்தும் ஊர். இருந்தும் கண்ணெதிரே இருக்கும் உண்மையைக் காண மறுக்கிறது. மூடநம்பிக்கை கோயிலில் மட்டுமே குடியிருக்கும் என்று எண்ணுவோர் இந்த நாடகத்தை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். பங்குப் பத்திரத்திலும் அது குடியேறும்!

அடித்தளக் கதை

நாடகத்தில் ஒரு சிறு காட்சி உண்டு. திறனாய்வாளர் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகின்றனர். ஏடு நடத்துவோரும் எழுதுவோரும் தாண்டிப் போகக் கூடாத காட்சி அது.

மருத்துவரின் மகள் பெட்ரா, பள்ளி ஆசிரியை. ஹாவ்ஸ்டாட்டின் ஏட்டுக்காக ஓர் ஆங்கிலக் கதையை மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டிருந்தாள். கதையைத் திருப்பிக் கொண்டு வருகிறாள். ஏன்? நல்லோரைக் காத்துத் தீயோரைத் தண்டிக்கும் விண்ணாற்றல் ஒன்று இருக்கிறது என்று போதிக்கும் கதை அது. தாங்கள் நம்பாத ஒன்றைத் தங்கள் ஏட்டில் எப்படி வெளியிடுவீர்கள் என்கிறாள். ஆசிரியர் சிரித்துச் சமாதானம் சொல்கிறார்: அரசியல்தான் முதன்மை, மக்களை விடுதலைப் பாதையில் அழைத்துச் செல்ல வேண்டுமானால் அவர்களை மருட்டக் கூடாது, பக்கத்தின் அடியில் இப்படி ஒரு கதை இருந்தால், மேலே இருக்கும் கருத்தை ஐயமின்றி விழுங்குவார்கள்!

பெட்ரா அருவருக்கிறாள். சிலந்தி வலை விரிப்பதுபோல் வாசகனுக்கு வலை விரிப்பதா என்று அவள் உள்ளம் கேட்கிறது. அந்த ஒரு காட்சியில், அடுத்து நிகழவிருக்கும் காட்டிக்கொடுப்பு முழுவதையும் இப்சன் முன்னறிவித்துவிடுகிறார். வாசகனை ஏமாற்றி வழிநடத்தலாம் என்று கருதுபவன், நாளை வாசகனுக்கு அஞ்சி வழிமாறுவான். இன்று பக்கத்தின் அடியில் இடம்பெற்ற பொய், நாளை பக்கத்தின் தலைக்கு ஏறும். தலையங்கத்தில் பகுத்தறிவு, அடுத்த பக்கத்தில் வாரபலன் என்று ஏடு நடத்துவோருக்கு, நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நார்வேயிலிருந்து வந்த கடிதம் இது. முகவரி தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது!

நான்காம் அங்கத்தின் வழுக்கல்

ஏடு கைவிட்டது. மண்டபம் கிடைக்கவில்லை. ஹார்ஸ்டர் என்ற கப்பல் தலைவர் தம் வீட்டைத் தருகிறார். ஊர் கூடுகிறது. கூட்டத்துக்கு அஸ்லாக்சனையே தலைவராக்கிவிடுகின்றனர். நீராட்டகம் பற்றிய அறிக்கையைப் படிக்கக் கூடாது என்று தீர்மானம் வருகிறது. சனநாயகத்தின் சடங்குகள் அனைத்தும் முறையாக நடைபெறுகின்றன. அதன் உயிர் மட்டும் அங்கே இல்லை. பேச்சுரிமையைப் பறிக்கப் படை வேண்டியதில்லை, ஒழுங்கான நடைமுறையே போதும் என்று காட்டுகிறார் இப்சன். கூர்மையான காட்சி!

அப்போதுதான் மருத்துவர் திசை மாறுகிறார். நீரைப் பற்றிப் பேசத் தடையா? நான் வேறொன்று பேசுகிறேன் என்று தொடங்கி, ஊற்று கெட்டதைவிட ஊரின் உள்ளம் கெட்டதே பெரிது என்கிறார். இதுவரை நாமும் அவரோடு நிற்கிறோம். மேலும் போகிறார்: பெரும்பான்மையிடம் ஒருபோதும் உண்மை இராது, அறிவில்லாத கூட்டம் ஆளலாமா? இன்னும் போகிறார்: தெருநாயையும் தலைமுறை தலைமுறையாக நல்ல வீட்டில் வளர்ந்த உயர்சாதி நாயையும் ஒப்பிட்டு, மூளையின் வேறுபாடு பிறப்பிலும் வளர்ப்பிலும் வருவது என்கிறார். மக்களுக்கும் அதுவே விதி என்கிறார்.

இங்கேதான் நாம் நிற்க வேண்டும்! பிறப்பால் உயர்வு, பிறப்பால் தாழ்வு என்ற பேச்சு எந்த நாட்டு மேடையிலிருந்து வந்தாலும், எந்த நல்லவர் வாயிலிருந்து வந்தாலும், அது பகுத்தறிவின் பேச்சாகாது. நீரை ஆராய்ந்தபோது மருத்துவர் அறிவியலாளர். புட்டியில் அடைத்தார், சோதனைக்கு அனுப்பினார், விடைக்குக் காத்திருந்தார். மனிதரைப் பற்றிப் பேசியபோது எந்தப் புட்டியும் இல்லை, எந்தச் சோதனையும் இல்லை. சினம் மட்டுமே இருந்தது. தோல் ஆலைக் கழிவு நீரைக் கெடுத்தது போல், வெறுப்பு அவர் அறிவைக் கெடுத்துவிட்டது. அந்த வம்சாவளிப் பேச்சில் அகமகிழ்ந்து கை தட்டக்கூடியவர்கள் யார்? அவரை ஒடுக்கிய மேன்மக்கள்தாம்!

தாழ்ந்த மனம் படைத்தோர் உயர்ந்த பதவியிலும் உண்டு, என் அண்ணனே அதற்குச் சான்று என்று மருத்துவர் உடனே ஒரு திருத்தம் சேர்க்கிறார். உண்மைதான். எனினும், திருத்தம் உவமையின் நஞ்சை முறிக்கவில்லை. அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் 1950-இல் இந்த நாடகத்தைத் தழுவி எழுதியபோது, இந்த வம்சாவளிப் பகுதியை நீக்கிவிட்டார். இட்லரின் இனவெறி உலகை எரித்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த வேளை அது. அவர் செய்தது சரியே.

கூட்டம் முடிகிறது. வாக்கெடுப்பில் மருத்துவர் மக்கள் பகைவர் என்று முடிவாகிறது. மாறுபட்டு வாக்களித்தவன் ஒரே ஒருவன் - ஒரு குடிகாரன்! சிரிப்பு வருகிறது, சிரித்து முடிந்ததும் வேதனை வருகிறது. ஊர் முழுவதும் தெளிந்த நிலையில் தவறு செய்கிறது. தெளிவில்லாத ஒருவன் மட்டும் சரியான பக்கம் சாய்கிறான்.

இப்சனுக்கு இப்சனே மறுப்பு

ஐந்தாம் அங்கத்தில் கண்ணாடிச் சன்னல்கள் உடைந்து கிடக்கின்றன. மருத்துவருக்கு வேலை போயிற்று. மகளுக்கு வேலை போயிற்று. இடம் கொடுத்த கப்பல் தலைவருக்கும் வேலை போயிற்று. வீட்டுக்காரன் வெளியேறச் சொல்கிறான். தோல் ஆலை முதலாளி, மருத்துவர் மனைவியின் வளர்ப்புத் தந்தை, அவளுக்கு வர வேண்டிய சொத்துப் பணத்தைக் கொண்டு நீராட்டகப் பங்குகளை வாங்கிவிட்டு வந்து நிற்கிறார். நீர் நல்லது என்று சொல், பங்கின் விலை ஏறும், பிள்ளைகள் பிழைப்பார்கள். கெட்டது என்று சொல், அவர்கள் பிச்சைக்காரர்கள்! கொள்கைக்கு வைக்கப்படும் சோதனைகளில் கொடியது இது. கல்லெறியைத் தாங்கும் நெஞ்சுகூடக் குழந்தையின் பசிக்கு முன் தளரும். மருத்துவர் ஒரு கணம் தடுமாறுகிறார், மறுகணம் மறுத்துவிடுகிறார். அவர் நிமிர்ந்து நின்ற இடம் இதுதான். நான்காம் அங்கத்து முழக்கத்தைவிட இந்த மறுப்பு ஆயிரம் மடங்கு பெரிது.

பிறகு என்ன செய்யப் போகிறார்? பள்ளி தொடங்கப் போகிறார்! எங்கே? தன்னை மக்கள் பகைவன் என்று முத்திரையிட்ட அதே கூடத்தில். மாணவர் யார்? தம் இரு மகன்கள். போதாது, தெருவில் திரியும் ஏழைச் சிறுவர் ஒரு பன்னிரண்டு பேரையாவது அழைத்து வாருங்கள் என்கிறார். தெருநாய்க்கு மூளையில்லை என்று நேற்று முழங்கியவர், தெருப்பிள்ளைகளின் தலைகளில் நல்ல அறிவு இருக்கும் என்று இன்று நம்புகிறார்! நான்காம் அங்கத்துக்கு ஐந்தாம் அங்கமே மறுப்பு. பிறப்பன்று, கல்வி என்ற விடை நாடகத்துக்குள்ளேயே இருக்கிறது. பன்னிரண்டு பிள்ளைகள் படித்துத் தேறினால், அடுத்த ஊர்க்கூட்டத்தில் குடிகாரன் ஒருவனின் வாக்கை நம்பி உண்மை காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த விடையை நாடகத்தின் இறுதிச் சொல்லாக்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! இப்சன் அவ்வாறு செய்யவில்லை. தனித்து நிற்பதில்தான் வலிமை இருக்கிறது என்ற பெருமிதத்தை மருத்துவர் வாயில் வைத்துத் திரையை வீழ்த்துகிறார். காதுக்கு இனிய முடிவு. கருத்துக்கு இசையாத முடிவு. சன்னல் உடைந்த வீட்டில் மனைவியும் மகளும் மைந்தரும் சூழ நின்று, நண்பர் தந்த கூரையை நம்பி நிற்பவர் எப்படித் தனியர் ஆவார்?

தனித்து நிற்பதால் உண்மை வெல்வதில்லை. தெளிவாக நிறுவப்படுவதால் வெல்கிறது. இலண்டன் நகரில் 1854-இல் நடந்ததைப் பாருங்கள். பிராட் தெருக் குழாய்நீரால்தான் காலரா பரவுகிறது என்றார் டாக்டர் ஜான் ஸ்னோ. பார்வைக்குத் தெளிந்த நீர். சுவைக்குப் பேர்பெற்ற நீர். அதன் சுவைக்காகவே தொலைவில் குடியிருந்த ஒரு மூதாட்டி அதை வரவழைத்துக் குடித்தார், இறந்தார். ஸ்னோ எவரையும் ஏசவில்லை. வீடு வீடாகச் சென்றார், சாவுகளைக் கணக்கிட்டார், ஊர்க்குழுவின் முன் வைத்தார். குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அப்பகுதிப் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட், ஸ்னோவின் கருத்தை மறுக்கவே ஆராய்ச்சியில் இறங்கினார். ஆராய ஆராய அவர் பக்கமே வந்து சேர்ந்தார்! மறுக்க வந்தவரையும் உதவ வைத்தது சான்று. ஏசினால் அவர் எதிரியாகவே இருந்திருப்பார்.

வங்கத்தில் வந்த திருத்தம்

இலண்டனில் ஸ்னோ நீரோடு பிணைத்துக் காட்டிய காலராவின் கிருமியை, 1884-இல் கல்கத்தாவின் குளத்து நீரில் கண்டுகாட்டினார் ராபர்ட் காக். நூறாண்டு கழித்து அதே நகரின் கலைஞர் ஒருவர் இப்சன் நாடகத்தைக் கையில் எடுத்தார். அவர் சத்யஜித் ராய். 1989-இல் அவர் உருவாக்கிய படம் 'கணசத்ரு'.

ராய் நீராட்டகத்தை எடுத்துவிட்டுக் கோயிலை வைத்தார். சண்டிப்பூர் என்ற கற்பனை ஊர், திரிபுரேசுவரர் ஆலயம், பக்தர் பருகும் தீர்த்தம். ஊரில் மஞ்சட்காமாலை பரவுகிறது. தீர்த்த நீரில் சாக்கடை கலந்திருக்கிறது என்று டாக்டர் அசோக் குப்தா கண்டறிகிறார். கங்கை நீரும் துளசியும் சேர்ந்த தீர்த்தத்தில் கிருமி எப்படி வாழும் என்பது ஆலயத்தாரின் வாதம். நார்வேயில் பணம் மட்டும் பேசிற்று. இங்கே பணம், பக்தி வேடம் புனைந்து பேசுகிறது. மருத்துவரின் சோதனைக்குழாயை விட்டுவிட்டு, அவருடைய சமயப் பற்றைச் சோதிக்கத் தொடங்குகிறது கூட்டம். நீரைப் பற்றிய கேள்விக்கு நீரால் விடை சொல்ல முடியாதவர்கள், கேட்டவனின் நம்பிக்கையைக் கேள்வியாக்குவது எங்கும் காணும் முறையல்லவா?

கலையழகில் இது ராயின் முதல்தரப் படமன்று. உடல் நலம் குன்றிய நிலையில், பெரும்பாலும் அறைகளுக்குள்ளேயே படமெடுத்தார், பேச்சு மிகுதி. அவருடைய முந்திய படங்களில் வீசிய வயற்காற்று இதில் வீசவில்லை. ஆனால் முடிவை மாற்றினாரே, அங்கேதான் அவருடைய மேதைமை! கல்லடி பட்ட வீட்டில் மருத்துவர் அமர்ந்திருக்கிறார். ஏட்டை விட்டு விலகிய உதவியாசிரியர் அவருடைய கட்டுரையை வெளியிட முன்வருகிறார். வெளியே இளைஞர்களின் குரல் எழுகிறது. அவரை வாழ்த்தி வருகிறார்கள். டாக்டர் குப்தா மக்கள் பகைவர் என்ற பட்டத்தோடு இருக்கிறார். ஆனால் தனியராக இல்லை. இப்சன் ஐந்தாம் அங்கத்தில் விதைத்துவிட்டு நீர் வார்க்க மறந்த பள்ளிக்கூடம், வங்கத்தில் இளைஞர் அணியாக முளைத்தது.

அரங்கில் வாழும் நாடகம்

குறை கூறினோம். அதனால் நாடகத்தின் பெருமை குறைந்துவிடாது. காரல் மார்க்சின் மகள் எலினார் இதை 1888-இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1901 மார்ச்சில், புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் மாணவர் கூட்டம் காவலரால் தாக்கப்பட்ட அன்று மாலையில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி ஸ்டாக்மனாக நடித்தபோது, கிழிந்த உடையைக் கண்டு மருத்துவர் பேசும் பேச்சு அவையைப் பொங்கியெழச் செய்தது. நாடகம் நின்றது, மக்கள் மேடையை நோக்கிப் பாய்ந்து அவருக்குக் கை நீட்டினர். 2018-இல் பெர்லின் நாடகக் குழு ஒன்று பெய்ஜிங்கில் இதை நடித்து அவையோரைப் பேச அழைத்தபோது, அவர்கள் தம் நாட்டுக் குறைகளைப் பேசத் தொடங்கிவிட்டனர். அடுத்து நான்ஜிங்கில் நடக்கவிருந்த காட்சிகள் நிறுத்தப்பட்டன. எழுதி நூற்று முப்பத்தாறு ஆண்டுகள் ஆன நாடகத்துக்கு ஒரு பேரரசு அஞ்சுகிறதென்றால், அதன் ஊற்று இன்னும் வற்றவில்லை என்றுதானே பொருள்!

ஆகவே இளைஞர்களே, 'மக்கள் பகைவன்' நாடகத்தைப் படியுங்கள், நடியுங்கள். நான்காம் அங்கத்தை நடிக்கும்போது கை தட்டும் முன் ஒரு கணம் நிதானியுங்கள். தெளிந்த நீராய்த் தோன்றுவதைச் சோதிக்கும் துணிவை ஸ்டாக்மனிடம் கற்றுக்கொள்ளுங்கள். சொத்தைக் காட்டி மிரட்டியபோது அவர் காட்டிய உறுதியைக் கற்றுக்கொள்ளுங்கள். நம்பாததை அச்சிட மறுத்த பெட்ராவின் நேர்மையைக் கற்றுக்கொள்ளுங்கள். அவருடைய வெறுப்பை மட்டும் மேடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

தீர்த்தமென்று நம்பிக் குவளையை ஏந்துகிறவன் நம் பகைவன் அல்லன். காய்ச்சலில் விழப் போகிறவன் அவன்தான். அவனை ஏளனம் செய்தால் குவளையை இன்னும் இறுகப் பிடிப்பான். அவன் கையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுப்போம்; அந்த நீரின் ஒரு துளியை அவனே பார்க்கட்டும்.